தோளுக்கு மேலே தொண்ணூறு மீட்டர்

ராங்சா கிராமம்
28 ஜூலை 2024

சங்கவிக்கு,

ஆசியா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால் பாதி மலை ஏறிவிட்ட மாதிரிதான்.

போன் செய்திருக்கலாமே என்பாய். நீதான் என் நம்பரை பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது மனம் மாறினாலும் பயனில்லை. இந்தப் பள்ளத்தாக்குக்கு இருந்த ஒரே டவர் ஜூன் மாத மண்சரிவில் ஆற்றோடு போய்விட்டது. தபால் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. பாலம்வரை பஸ்ஸில், அதற்குமேல் தபால்காரரின் காலில்.

ஆமாம், மறுபடியும் லுங்மாருக்கு வந்திருக்கிறேன். அதே இமயமலை, அதே தெற்கு முகடு. இந்த முறை கயிற்றின் மறுமுனையில் டோல்மா. இந்த ஊர்ப் பெண், வயது இருபத்து நாலு. என்னைவிட வேகமாக நடக்கிறாள், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள். இரண்டாவது ஒன்றும் பெரிய சாதனை இல்லை என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். போன வருடம் நீல நோட்டில் முகட்டைப் படமாக வரைந்து வைத்தாயே, எந்தப் பாறையில் பிடி இருக்கிறது, எங்கே பனிக்கு அடியில் வெறும் பள்ளம் என்று. அதன் நகல் வேண்டும். நம் குழுத்தலைவர் எழுதிய அறிக்கையில் தேதியும் சாப்பாடும்தான் இருக்கின்றன.

ஊர்த்தலைவர் நம்மை மறக்கவில்லை. அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். லுங்மார் ஏற வந்த எல்லோரும் விட்டுப்போன சீட்டுகள். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைக்காரர்கள் தூரத்து மலையில் நின்று அளந்து, பெயர்கூட வைக்காமல் ஒரு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதாக அவருடைய அப்பா சொல்வாராம். ஐம்பத்தாறில் வந்தவர்கள் கணவாயோடு திரும்பினார்கள். எழுபத்தொன்பதில் ஒரு கல்கத்தாக் குழு வடக்குப் பக்கம் முயன்று, பனிச்சரிவில் கூடாரங்களைப் பறிகொடுத்து உயிரோடு போனது. தொண்ணூற்று நாலில் இரண்டு ஜப்பான்காரர்கள் மேற்குப் பனியாற்றின் வழியாக ஏறிவிட்டார்கள். அவர்களைத் தவிர உச்சியைத் தொட்டவர் யாருமில்லை. தெற்கு முகட்டில் உச்சிக்குக் கீழே உள்ள தோள்வரை போனவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேர்தான். அதற்கு அத்தாட்சியாக உன் என்.சி.சி. போட்டோ ஒன்று டப்பாவில் கிடக்கிறது. பாவம், பேய் மாதிரி இருக்கிறாய்.

இன்னும் ஒரு மாதம் சும்மா உட்கார வேண்டும். பார்லி அறுவடை முடிகிறவரை யாரும் தோளுக்கு மேலே போகக் கூடாதாம். போனால் ஆலங்கட்டி மழை பெய்து கதிர் கொட்டிவிடும் என்கிறார்கள். போன வருடம் நாம் செப்டம்பர் கடைசியில் வந்ததால் இந்தச் சட்டம் தெரியாமல் போயிற்று.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உச்சிக்குத் தொண்ணூறு மீட்டர் இருக்கும்போது தலைவலி என்று இறக்கிவிட்டாய். ஆனால் உன் முடிச்சின்மேல் கோபமில்லை. அன்று காலை என் விரல் விறைத்துப் போனபோது என் இடுப்பில் போட்டுவிட்டாயே, உங்கள் டுங்கிப் படகு முடிச்சு. அதையேதான் இப்போதும் போடுகிறேன். மலையேறுகிறவர்கள் 8 வடிவில் போடும் எட்டு முடிச்சு உறைந்துவிட்டால் பல்லால் கடிக்க வேண்டியிருக்கிறது. உன்னுடையது ஒரே தள்ளில் அவிழ்கிறது. டோல்மாவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

நகலை அனுப்பு. வேறு எதுவும் எழுத இஷ்டமில்லை என்றால் வேண்டாம்.

ஆசியா


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
8 ஆகஸ்ட் 2024

ஆசியா,

நகல் இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம். படத்தில் இல்லாதவற்றைக் கீழே எழுதுகிறேன்.

கிழக்குப் பனியாறும் மேற்குப் பனியாறும் சேருகிற இடத்தில்தான் முகாம் போட வேண்டும், போன வருடம் போட்ட மேட்டில் அல்ல. அந்த மேட்டில் பிற்பகலில் கல் உருளும். மஞ்சள் பாறைச் சுவர் நூற்றிருபது மீட்டர். இடது பக்கம் பிடி இருப்பது போலத் தெரியும் பாறைகள் பொய். வலது ஓரத்து விரிசலை விட்டு விலகாதே. சுவரின் தலையில் இருப்பதுதான் தோள், பத்துப் பேர் உட்காரலாம். அதற்குமேல் உள்ள தொண்ணூறு மீட்டர் எனக்குத் தெரியாது. கத்தி மாதிரி மெலிந்த பனி, கிழக்கே அடியில் ஒன்றுமில்லாமல் துருத்திக்கொண்டிருக்கிறது. மேற்குப் பக்கமாகவே நட.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். ஒன்று எழுதத்தான் வேண்டும். கல்லூரியில் நமக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மைக்கைப் பிடித்து, "பக்கத்துல நிக்கிறவளுக்கு இன்னும் கொஞ்சம் தில் இருந்திருந்தா, இன்னிக்கு உச்சி போட்டோவையே காட்டியிருப்பேன்" என்று சிரித்தாய். ஹால் முழுக்கச் சிரித்தது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஃபெர்ரி ஓட்டிய மனுஷன், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதற்காகத்தான் பிளாக் செய்தேன், மலைக்காக அல்ல.

அந்த முடிச்சைப் போடாதே. எட்டு முடிச்சையே போடு. டோல்மாவிடமும் சொல். காரணம் கேட்காதே.

சங்கவி


ராங்சா
18 ஆகஸ்ட் 2024

சங்கவி,

நகல் வந்தது. தேங்க்ஸ். டோல்மா படத்தைப் பார்த்து, "இவள் ஏன் வரவில்லை?" என்று கேட்டாள்.

அப்பா முன்வரிசையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சத்தியமாக. ஊருக்கு வந்ததும் அவரிடம் நேரில் பேசுகிறேன். நீ பக்கத்தில் நிற்க வேண்டாம்.

ஆனால் உன் கடைசி நாலு வரி இருக்கிறதே, அதைப் படித்ததும் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. போடாதே, காரணம் கேட்காதே! நீ யார், என் உம்மாவா? போன வருடமும் இப்படித்தான். மஞ்சள் சுவர் முழுக்க நான் முன்னால் ஏறி, உன்னை இழுத்துத் தோளில் உட்கார வைத்தால், என் பக்கத்தில் ஊர்ந்து வந்து என்னவோ குடைந்தாய். பிறகு, "தல வலிக்குது, இறங்கலாம்" என்றாய். அவ்வளவுதான். இறங்கினோம். ஒரு வருடமாக நான் அந்தத் தலைவலியோடு குடும்பம் நடத்துகிறேன்.

முடிச்சு நல்ல முடிச்சு. ஒரு வாரமாக இங்கே உள்ள பாறைகளில் இருபது தடவை தொங்கிப் பார்த்தோம். ஒரு நூல்கூட நழுவவில்லை. அதனால் அதையேதான் போடப் போகிறேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபமும் உண்டு.

வயல்கள் வேகமாகக் காலியாகின்றன. முப்பதாம் தேதி முடிந்துவிடும் என்று ஊர்த்தலைவர் சொன்னார். முப்பத்தொன்றாம் தேதி காலை கிளம்புகிறோம்.

ஆசியா

மறந்துவிட்டேன். இங்கே எல்லோரும் எல்லா மலையின் உயரத்தையும் கடலிலிருந்து அளந்து சொல்கிறார்கள், கடலை ஒருத்தரும் பார்த்ததில்லை. லுங்மார் 6,140 மீட்டர் என்றால் எங்கிருந்து 6,140 என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து என்றேன். நம்பிவிட்டார்கள்.


டெய்ரி ஃபார்ம்
26 ஆகஸ்ட் 2024

ஆசியா,

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நீ முப்பத்தொன்றாம் தேதி கிளம்புகிறாய். உன் கடிதம் எனக்கு வர ஏழு நாள் ஆனது. கணக்கு எனக்கும் தெரியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள தபாலாபீசுக்குக் காலையிலிருந்து அடிக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன். இது தோளுக்கு மேலே போவதற்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும்.

எனக்குத் தலை வலிக்கவில்லை.

நீ சுவரின் உச்சியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தாய். நான் மேலே வந்து நிமிர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் இடுப்பு. நான் காலையில் போட்ட முடிச்சு வாய் திறந்துகொண்டு நின்றது. முடிச்சுக்கு வெளியே வாலாக ஒரு சாண் கயிறு விட்டிருந்தேன், அதில் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். இன்னும் நாலு தடவை குனிந்து நிமிர்ந்திருந்தால் கயிறு தானாகக் கழன்று விழுந்திருக்கும். அந்த லட்சணத்தில்தான் நூற்றிருபது மீட்டர் சுவரை நீ முன்னால் ஏறியிருக்கிறாய். பாட்டு வேறு பாடிக்கொண்டு.

ஊர்ந்து வந்து குடைந்தேன் என்றாயே, அப்போதுதான் அதை அவிழ்த்து எட்டு முடிச்சு போட்டேன். மூன்று தடவை போட்டேன். மூன்றும் சரிதான். ஆனால் என் கை போட்ட எதையும் நம்பி உன்னை இன்னும் ஓர் அடி மேலே அனுப்ப என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. தலைவலி என்றேன். ஊருக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ மேடையில் என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டாய். யோசித்துப் பார்த்தேன், ஆசியாவைக் கொல்லப் பார்த்தவள் என்பதைவிடப் பயந்தாங்கொள்ளி பரவாயில்லை என்று பட்டது. கோபம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதுதான் நான் செய்த அசிங்கம்.

நேற்று உன் கடிதம் வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். முதல் முறையாக. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கயிறு இழுபட்டுட்டே இருந்தாத்தாம்மா அது நிக்கும். தொங்கலா விட்டு ஆட்டினா கழண்டுரும்."

"நீங்க சொன்னதே இல்லியேப்பா."

"கடல்ல அத எதுக்குச் சொல்லணும்? படகு எப்பவும் இழுத்துக்கிட்டேதானே இருக்கும்."

அவ்வளவுதான் விஷயம். ஜங்லிகாட் படகுத்துறை ஜெட்டியில் கட்டின படகை அலை ஒரு நிமிஷம்கூடச் சும்மா விடாது. இழுக்க இழுக்க அந்த முடிச்சு இறுகும். மலையில் கயிறு மணிக்கணக்காகத் தளர்ந்து கிடக்கிறது, காற்றில் ஆடுகிறது, அதுவும் பனியில் குச்சி மாதிரி விறைத்துப்போய். நீ பாறையில் இருபது தடவை தொங்கிப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். தொங்கினால் நிற்கும். தொங்காதபோதுதான் கழலும்.

இங்கே டைவிங் படகுகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. பத்து மாதமாக ஒவ்வொரு தடவை கையில் கயிற்றை எடுக்கும்போதும் எனக்கு உன் இடுப்பு ஞாபகம் வரும்.

திட்டு. எப்படி வேண்டுமானாலும் திட்டு. மேடை போட்டுத் திட்டு. ஆனால் எட்டு முடிச்சைப் போட்டுக்கொண்டு திட்டு. டோல்மாவுடையதைக் கையால் தொட்டுப் பார்.

தபால்காரருக்கு உறையின் மேலேயே இந்தியில் எழுதியிருக்கிறேன், மலை ஏறுவதற்கு முன்னால் கொடுக்கவும் என்று.

சங்கவி


ராங்சா
11 செப்டம்பர் 2024

சங்கவி, என் அருமை முட்டாளே,

உயிரோடு இருக்கிறேன். டோல்மாவும் இருக்கிறாள். முதலில் இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி.

உன் கடிதம் செப்டம்பர் நாலாம் தேதி வந்தது. கணக்குப்படி அன்று நான் மஞ்சள் சுவரின் நடுவில் இருந்திருக்க வேண்டும், உன் முடிச்சோடு. இருந்தது எங்கே தெரியுமா? கதிர் அறுத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதி எல்லா வயலும் முடிந்தது, மேட்டில் உள்ள ஒன்றைத் தவிர. அந்த வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள், மனைவி ஒருத்தியாக அறுத்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தலைவர், "ஒரு வயல் நின்றாலும் வயல்தான்" என்று சொல்லிவிட்டார். நான் குதித்தேன். வானிலை கெடும், விடுமுறை முடியும், அது இது என்று இந்தியில் அரை மணி நேரம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையில் ஒரு அரிவாளைக் கொடுத்தார். அவ்வளவு அவசரமென்றால் அறு என்று.

அறுத்தேன். ஜங்லிகாட்டில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் மீரானின் மகள், வாழ்க்கையில் கீரைகூடப் பறித்ததில்லை, நாலு நாள் பார்லி அறுத்தேன். கை முழுக்கக் கொப்புளம். ஊர்த்தலைவரை, பார்லியை, ஆலங்கட்டியை, உன்னை, எல்லோரையும் தமிழில் திட்டிக்கொண்டே அறுத்தேன். நாலாம் நாள் கட்டுகளை அடுக்கும்போது தபால்காரர் உறையைத் தூரத்திலிருந்தே ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். உன் இந்தி அவரைப் பயமுறுத்தியிருக்கிறது.

பார்லிக் கட்டின்மேல் உட்கார்ந்து படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஊர்த்தலைவரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கொப்புளத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து வெண்ணெய் தடவிவிட்டார்.

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி முழுக்க உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லாததால் நான் அதே முடிச்சை இன்னொருத்தியின் இடுப்பிலும் கட்டியிருக்கிறேன். இதை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், நீ வற்புறுத்தாதே.

ஆனால் என் பங்கும் ஒன்று இருக்கிறது. தோளில் நீ தலைவலி என்று சொன்னாயே, அந்த நொடி என் வாயில் வந்த முதல் சொல் என்ன தெரியுமா? அல்ஹம்துலில்லாஹ். சத்தமில்லாமல் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். மேலே அந்தக் கத்தி முனையைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். யாராவது இறங்கலாம் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய். அந்தச் சந்தோஷத்தை மறைக்கத்தான் மேடையில் அவ்வளவு சத்தம். தில் இல்லாதது யாருக்கு என்று உன் அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

ஏழாம் தேதி மேல்முகாமில் ஒரு வேலை செய்தேன். உன்னை நம்பாமல் அல்ல, கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையைச் சுற்றி, உன் முடிச்சை ஒழுங்காகப் போட்டு, கயிற்றைத் தளர்வாகக் காற்றில் விட்டேன். விடிந்ததும் வெளியே வந்தேன். பாறை தனியாக நின்றது. கயிறு மூன்றடி தள்ளிப் பனியில் கிடந்தது, யாரோ பொறுமையாக உட்கார்ந்து அவிழ்த்து வைத்த மாதிரி. டோல்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, எட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நானும் அவளுடையதை இழுத்துப் பார்த்தேன்.

எட்டாம் தேதி காலை பத்து இருபதுக்கு உச்சி. மேற்குப் பக்கமாகவே நடந்தோம், நீ எழுதின மாதிரி. உச்சியை மிதிக்கக் கூடாது என்ற ஊர் வழக்கப்படி கடைசி மூன்றடி ஏறவில்லை. அங்கே ஒரு பிடி பார்லி வைத்தோம், நான் அறுத்த வயலின் பார்லி. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை வாய் விட்டுச் சொன்னேன். டோல்மா, "எனக்கும்" என்றாள். அதற்கப்புறம் சுலபமாக இருந்தது.

பிஸ்கட் டப்பாவில் போட ஊர்த்தலைவர் சீட்டுக் கேட்டார். ஏறியவர்கள் ஆசியா, டோல்மா, வழி வரைந்தவர் சங்கவி என்று எழுதிக்கொடுத்தேன். முடிச்சைப் பற்றியும் கீழே இரண்டு வரி எழுதினேன், அடுத்து எவளாவது கடற்கரையிலிருந்து வந்து சேர்வாள். அது யார் போட்ட முடிச்சு என்று பெயர் போடவில்லை. பயப்படாதே.

இருபத்தெட்டாம் தேதி மதிய ஃப்ளைட்டில் வருகிறேன். நம்பரை அன்பிளாக் செய்யடி.

ஆசியா


டெய்ரி ஃபார்ம்
20 செப்டம்பர் 2024

ஆசியா,

இது ராங்சாவுக்குப் போய்ச் சேருவதற்குள் நீயே வந்துவிடுவாய் என்று தெரியும். உன் வாப்பா கடை முகவரிக்கே போடுகிறேன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை முடிந்து உன் வாப்பாவின் கடைக்குப் போனேன். "என்னம்மா, பத்து மாசமா காணோம், இப்ப டெய்லி ஹாஜர்?" என்றார். கயிறு பார்க்க வந்தேன் என்றேன். மனுஷன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கயிற்றை இறக்கிக் காட்டி, டீயும் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது செய்தி வந்தால் முதலில் இந்தக் கடைக்குத்தான் வரும், வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நேற்று மதியம் தபால்காரர் ஜெட்டி வாசலிலேயே என்னைப் பார்த்து உறையைக் கொடுத்தார். மேலே உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. செத்தவள் முகவரி எழுத மாட்டாள் இல்லையா? ஆட்டோ ஸ்டாண்டில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆட்டோக்காரர், "க்யா ஹுவா தீதி, தபியத் டீக் ஹை?" என்று உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். டீக் ஹை, பஹுத் டீக் ஹை, ரொம்ப நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே அழுதேன். பிரித்துப் படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. படித்துவிட்டுச் சிரித்தேன். பார்லி அறுக்கிற உன்னை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

மன்னிக்க எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். நான் கேட்க மாட்டேன்.

அப்பாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கயிறு பனியில் கிடந்த பத்தியை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அந்த ஊர்த்தலைவருக்கு நம்ம கருவாடு ஒரு பார்சல் அனுப்பணும்" என்றார். நீ அவரிடம் பேசப்போகும் பேச்சுக்கு அவ்வளவுதான் பதில் கிடைக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுத்தேன். முடிச்சைப் போட்டுக் காட்டி, கயிற்றைத் தளரவிட்டு ஐந்து நிமிஷம் ஆட்டச் சொன்னேன். கழன்று விழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கே இது நிற்கும், எங்கே நிற்காது, எனக்கு எப்படித் தெரியும் என்று முழுக்கதையையும் சொன்னேன். என் பெயரோடு.

நம்பரை நேற்றே அன்பிளாக் செய்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி அப்பாவின் டுங்கியை ஜெட்டியில் கட்டி வைத்திருப்பேன். சாமான்களை வீட்டில் போட்டுவிட்டு நேராக வா, தண்ணீரில் ஒரு சுற்றுப் போகலாம். அங்கே முடிச்சு என்னுடையதுதான். நீ ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு.

சங்கவி